கண் வரையாத தவளை

பகலில் ஊர்க்காரர்களுக்குப் பல்செட்டும், பொழுது சாய்ந்தால் விரால் மீன் பிடிக்க ரப்பர் தவளையும் செய்த என் அருமை அத்தானுக்கு,

சண்முகம் எழுதுகிறேன். நேரில் இருந்தவரை உங்களை ஒரு பேச்சை முழுசாக முடிக்க விட்டதில்லை நான். குறுக்கே விழுந்து பேசுவேன், நீங்கள் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பீர்கள். இப்போது குறுக்கே பேச ஆளில்லை என்று எழுத உட்கார்ந்தால், மூன்று வரிக்குள் கை நின்றுவிடுகிறது.

போன புதன்கிழமை உங்களுக்கு வருஷத் திவசம் முடிந்தது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. சாப்பிடுகிறாள், டிவி பார்க்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். உங்கள் மகள் பவித்ரா பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உங்களைப் போலவே நடக்கிறாள், அக்கா அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

உங்கள் ஸ்கூட்டரை விற்கவில்லை. பேட்டரி செத்துவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மேலகரத்திலிருந்து தென்காசிக்கு வந்து அதை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிஷம் ஓட விட்டுவிட்டுப் போகிறேன். அந்தச் சத்தம் கேட்டு முதல் வாரம் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அதற்கப்புறம் வருவதில்லை.

நம் தூண்டில் கூட்டாளி ரபீக் மறுபடியும் சவுதிக்குப் போய்விட்டான். கடையநல்லூரில் அவன் வீட்டு மாடியில் நாம் காயப்போட்ட தூண்டில் ராடுகளையெல்லாம் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினான். நாம் மூன்று பேரும் இருந்த 'தக்கை' வாட்ஸ்அப் குரூப்பில் இப்போதும் மூன்று பேர்தான். உங்கள் நம்பரை எடுக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். ஒரு விஷயத்தை ஒரு வருஷமாக அக்காவிடம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உங்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் அது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கையில் முதன்முதலாகத் தூண்டிலைக் கொடுத்த பாவி நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் உண்டு உங்கள் பல் உண்டு என்று இருந்த மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா துணைக்கு வாருங்கள் என்று நெடுங்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாவு உருட்டிப் போட்டு, தக்கை ஆடி, ஒரு கையகல ஜிலேபிக் கெண்டை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் செய்த முதல் காரியம், வாயைத் திறந்து பல் இருக்கிறதா என்று பார்த்தது. நான் கரையில் உருண்டு சிரித்தேன்.

அடுத்த மாதமே நீங்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆன்லைனில் வாங்கிய தவளையை விரால் ஒரே கடியில் கிழித்துவிட்டது என்று நான் புலம்பியபோது, அந்தக் கிழிந்த தவளையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். பல் அச்சு எடுக்கிற சாந்தில் அதற்கு அச்சு எடுத்து, சிலிக்கான் ஊற்றி, இரட்டை முள் வைத்து, ஒரு வாரத்தில் நாலு தவளையோடு வந்து நின்றீர்கள். வயிற்றுப் பக்கம் ஈறு நிறத்தில் ரோஸ். தென்காசியில் எந்தக் கிழவருடைய பல்செட்டுக்குக் கலக்கிய சாயமோ.

கண் மட்டும் நான் வரைய வேண்டும். பெயிண்ட் கடைக்காரன் கைதான் அதற்கு என்று சொல்லிவிட்டீர்கள். சிலிக்கானில் எந்தப் பெயிண்டும் நிற்காது, இரண்டு மீன் கடித்தால் கண் உரிந்துவிடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம்தோறும் உங்கள் வீட்டில் எனக்கு டீயும் தவளைக்குக் கண்ணும். கண் இல்லாத தவளையைத் தண்ணீரில் போடக்கூடாது என்று நீங்களாக ஒரு சட்டம் போட்டிருந்தீர்கள். விராலுக்கு அது தெரியவா போகிறது என்று கேட்டால், "எனக்குத் தெரியும்லா" என்பீர்கள்.

எறிகிற விதத்திலும் உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை. தாமரை இலைக்கு அந்தப் பக்கம் தவளையைப் போட்டு, இழுத்து, நிறுத்தி, இழுத்து வருவோம். விரால் பாய்ந்த சத்தம் கேட்டதும் நான் ராடைச் சுண்டிவிடுவேன். தவளை மட்டும் பறந்து வந்து என் சட்டையில் ஒட்டும். நீங்கள் மூன்று எண்ணுவீர்கள். "பொறுலே. அது வாய மூடட்டும். மூணு எண்ணுததுக்குள்ள ஒனக்கு என்ன கொள்ள போகுது?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். எண்ணினால் மீன் வரும் என்று எனக்கும் தெரியும். கை கேட்காது.

குளத்துப் பேரை மாற்றிச் சொல்லும் வழக்கத்தையும் நான்தான் ஆரம்பித்தேன். ஆலடிக்குளத்தில் பிடித்த விராலோடு போட்டோ எடுத்து, பெருமை தாங்காமல் இடத்தின் பேரோடு நெட்டில் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு கரை முழுக்க ராடு. குத்தகைக்காரர் வந்து எல்லாரையும் துரத்தினார், சொந்த ஊர்க்காரன் என்று பார்க்காமல் என்னையும்தான். அன்றைக்கு மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். யார் கேட்டாலும், வீட்டில் கேட்டாலும், பேரை மாற்றித்தான் சொல்ல வேண்டும். ஆலடி என்றால் நெடுங்குளம், நெடுங்குளம் என்றால் ஆலடி. ஒன்று கடையநல்லூர் பாதையில், இன்னொன்று செங்கோட்டைப் பாதையில். தேடி வருகிறவன் ஊரைச் சுற்றட்டும் என்று சிரித்தோம். வண்டியைக்கூடப் புதருக்குள் மறைத்துவிட்டுத்தான் இறங்குவோம்.

உங்களுக்கு அது பிடிக்கவில்லை. "பொண்டாட்டிட்டப் பொய் சொல்லி மீன் பிடிக்கணுமாலே?" என்று கேட்டீர்கள். ஆனாலும் எங்களுக்காகச் செய்தீர்கள். பொய் சொல்லும்போது உங்களுக்கு மூக்கு நுனி சிவக்கும், அக்கா அதைக் கவனித்ததே இல்லை.

அப்புறம் அந்த ஐப்பசி ஞாயிறு. நல்ல மழை பெய்து குளம் நிறைந்திருந்தது. ஐந்தருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்க விடவில்லை, மீன் வாடையோடு வீட்டுக்குப் போனால் அக்கா வைவாள் என்று பேசிக்கொண்டே நெடுங்குளத்தில் இறங்கினோம். நீங்கள் மடைப்பக்கம் போனீர்கள். நான் இந்தப் பக்கம், தண்ணீரின் மேல் விரால் குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாக வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். அப்படிக் குஞ்சு மிதந்தால் அடியில் தாய் நிற்கும். தவளையைக் குஞ்சுக்கு மேலே போட்டால், அந்த வேகத்தில் முதல் எறியிலேயே கடிக்கும். எனக்கே தெரிந்த விஷயம் அது, எந்தத் திறமையும் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் எறிவதில்லை என்று நீங்கள் வைத்திருந்த கொள்கையும் எனக்குத் தெரியும்.

எறிந்தேன். முழங்கை நீள விரால். கையில் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வந்தேன்.

நீங்கள் மீனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தீர்கள். குஞ்சுகள் அங்கேயும் இங்கேயும் சிதறிக்கொண்டிருந்தன.

"குஞ்சு மேலயா எறிஞ்ச?"

"கெடந்துச்சு, எறிஞ்சேன்."

"அது பசிக்குக் கடிக்கலலே. பிள்ளையளக் காக்கதுக்குக் கடிச்சிருக்கு. அதப் போயி எடுத்துட்டு வந்து நிக்கே."

"சந்தையில வாங்கித் திங்கும்போது மட்டும் விசாரிச்சிட்டா வாங்குதிய?" என்று கேட்டேன். என் வாய்க்கு அது பெரிய பதில் என்று பட்டது.

நீங்கள் தூண்டில் நரம்பைச் சுற்றினீர்கள். ராடை மடக்கினீர்கள். "இனிம நீ தனியாப் போ. நானும் தனியாப் போய்க்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த விராலை நான் குழம்பு வைத்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மூன்று வாரம் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சனிக்கிழமை கண் வரைய வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அக்காவுக்குப் போன் போட்டு, அத்தான் எங்கே போயிருக்கிறார் என்று விசாரிப்பேன். நீங்கள் இருக்கிற குளத்துக்கு நான் தப்பித் தவறி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீராப்புக்கு ஒரு சாக்கு வேண்டாமா? ஒரு தடவைகூட நான் எந்தக் குளத்துக்கும் போகவில்லை, அத்தான். கடையில் உட்கார்ந்து கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணவில்லை. கடைக்குச் சரக்கு வந்திருந்தது. இறக்கிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டது.

மணி பத்தாகப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது அக்காதான் கூப்பிட்டாள். "ஏலே, அத்தான இன்னும் காங்கல. ஒம்போது மணிக்கெல்லாம் வந்துருவாவ. போன் அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்காவ."

"எங்க போறேன்னு சொன்னாவ?"

"ஆலடிக்கொளம்னு சொல்லிட்டுப் போனாவ."

"அப்ப நெடுங்குளம்தான். நான் பாத்துக்கிடுதேன், நீ பதறாத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மூன்று எண்ணவில்லை. ஒன்றுகூட எண்ணவில்லை.

நெடுங்குளத்தில் உங்கள் ஸ்கூட்டர் இல்லை. புதருக்குள் மறைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். கரை நீளத்துக்கும் நடந்தேன். கூப்பிட்டேன். மடைக்கு அந்தப் பக்கம் இருப்பீர்கள், என் குரல் கேட்டுக் கோபத்தில் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டேதான் நடந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகத்தில் அறைய வேண்டும்போல இருக்கிறது. சுற்றி வந்து வண்டிக்கிட்டே நின்றபோதுதான் தோன்றியது. ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பாரோ?

கார்த்திகை மாதம். குற்றாலத்துக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் வேன் எல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஊரைத் தாண்டி ஆலடிக்குளத்துக்கு வரும்போது மணி பதினொன்றேகால்.

ஸ்கூட்டர் ரோட்டோரத்தில், போகிற வருகிற எல்லாரும் பார்க்கும்படி நின்றது. நீங்கள் அதை மறைக்கவே இல்லை. மடைக் கல்லில் சாய்ந்து, தொப்பியோடு உட்கார்ந்திருந்தீர்கள். தக்கை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. போன் வழக்கம்போல சைலண்டில், மீன் பெட்டிக்குள். பக்கத்தில் பிளாஸ்க், இரண்டு டம்ளர். ஏன் இரண்டு என்று அப்போது யோசிக்க எனக்கு மண்டை இல்லை. உங்கள் கையைப் பிடித்தேன், சூடு இருந்தது.

லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னால கொண்டாந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இரக்கம் என்று அவர் நினைத்திருப்பார். அந்த மீதியை ஒரு வருஷமாக நான் தினமும் முடித்துப் பார்க்கிறேன்.

எத்தனை மணிக்கு நெஞ்சு வலித்தது, அத்தான்? நான் நெடுங்குளத்துக் கரையில் உங்கள் பேரைச் சொல்லிக் கத்தியபோது உங்களுக்கு நினைவு இருந்ததா? ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் நான்தான் வருகிறேன் என்று திரும்பிப் பார்த்தீர்களா?

எல்லாரிடமும் "தேடி அலைஞ்சேன்" என்று மட்டும் சொன்னேன். எங்கே அலைந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. மச்சினன்தான் கண்டுபிடித்தானாம் என்று சொந்தக்காரர்கள் என் தோளைத் தட்டினார்கள். கூனிப்போனேன்.

புதன்கிழமை திவசம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அக்கா பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கி நீ ஆலடின்னு சொன்ன. நான்தான் நெடுங்குளத்துக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல வீணாப் போச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போன்லயே சொன்னியேலே, அப்ப நெடுங்குளம்தான்னு. எனக்கென்ன காது கேக்காதா? ஒனக்குத்தான் தெரியும்னு நெனச்சிட்டேன்." குழாயை மூடினாள். "சொல்லதுக்கு ஒரு வருசமாலே ஒனக்கு?"

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. கழுவிய செம்பையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லலலே" என்றாள். "வெளிய எறங்கும்போது சொன்னாவ. ஒந்தம்பி எப்படியும் போன் பண்ணுவான். நெசமாவே ஆலடிதான்னு சொல்லு. வெளையாட்டுக்குச் சொல்லலன்னு சொல்லு. வந்தா வரட்டும்னு. ஒங்க கொளத்துக் கதையெல்லாம் எனக்கு என்ன தெரியும்? பதட்டத்துல ஆலடிங்கது மட்டுந்தான் வாயில வந்துச்சு. நெசமாவேங்கத விட்டுட்டேன், தம்பி. அந்த ஒரு வார்த்தைய விட்டுட்டேன்."

அத்தான், ஒரு வருஷமாக ஒரே வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தோம். அவள் ஊற்றிக் கொடுத்த காபியை நான் குடித்தேன். உங்களைக் கொன்றது தான்தான் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்கிறோம். நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அழுகைச் சத்தம் கேட்டு வந்த பவித்ரா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். காதில் பென்சில் இருந்தது.

கிளம்பும்போது அக்கா உங்கள் மீன் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளியதாம். போனை எடுத்ததோடு சரி, யாரும் துழாவிப் பார்க்கவில்லை.

மேலகரத்துக்கு வந்து திறந்தேன். மாவு உருண்டை கல்லாகிக் கிடந்தது. அடித்தட்டில் துணியில் பொதிந்து ஒரு புதுத் தவளை. முதுகு பச்சை, வயிறு ரோஸ், கண் இல்லை. பக்கத்தில் உங்கள் வீட்டில் நான் விட்டுவிட்டு வந்த கறுப்பு பெயிண்ட் டப்பியும் என் மெல்லிய பிரஷும்.

மீன் பிடிக்கப் போகிற மனிதர் பெயிண்ட் டப்பியை எதற்கு எடுத்துக்கொண்டு போகிறார்? நீங்கள் அன்றைக்குத் தவளை எறியவே இல்லை. சும்மா தக்கையைப் போட்டுவிட்டு, இரண்டு டம்ளரோடு எனக்காக உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்து கண் வரைந்த பிறகு எறியலாம் என்று இருந்தீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். நீங்கள் ஏன் அத்தான் டீ எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?

டப்பியில் பெயிண்ட் காய்ந்துபோயிருந்தது. கடையிலிருந்து புது டப்பி உடைத்து நேற்று சாயங்காலம் வரைந்தேன். பழக்கம் விட்டுப்போனதில் ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் வந்துவிட்டது. பார்த்தால் சிரிப்பீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உங்கள் ஸ்கூட்டரில்தான் போகிறேன், ரோட்டோரத்தில்தான் நிறுத்துவேன். அந்த மடைக் கல்லில் உட்கார்ந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவேன். குஞ்சு மிதக்காத பக்கமாகப் பார்த்து ஒரு எறி. விரால் பாய்ந்தால் மூன்று எண்ணுவேன். வந்தால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவேன், இது சத்தியம். இனி இந்த ஜென்மத்தில் எங்கே போனாலும், யார் கேட்டாலும், பேரை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சவுதியில் இருக்கிற ரபீக்குக்குத் தெரியட்டும் என்று குரூப்பிலும் போட்டிருக்கிறேன். அதில் உங்கள் நம்பரும் இருக்கிறது அல்லவா, அதனால் உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதினேன். ஞாயிறு காலை, ஆலடிக்குளம். நெசமாவே ஆலடிக்குளம்தான், அத்தான்.

மூன்று எண்ணப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சினன்,
சண்முகம்